அத்தான் சுட்ட மண்

கையில் எடுத்தபோது மண் வெதுவெதுப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பஸ் பிடித்து வீடு வந்திருந்தேன். கோயிலுக்குக் கட்டிய சேலையைக்கூட இன்னும் மாற்றவில்லை. அத்தான் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்த இரும்புத் தட்டை வாசலில் இறக்கி, மேலே போட்டிருந்த சாக்கை விலக்கி, "பிள்ள, கைய வச்சுப் பாரு" என்றார். வைத்தேன். சலித்த மாவு மாதிரி மெத்தென்றிருந்தது, வறுத்த வாசனை அடித்தது. "பூச்சி பொட்டு ஒண்ணு இருக்காது. களை விதை இருக்காது. இந்த மண்ணுல உசிருன்னு ஒண்ணுமே கெடையாது, பாத்துக்க" என்று அவர் சொன்னபோது முகத்தில் அப்படியொரு பெருமை. உள்ளேயிருந்து அக்கா, "ஏட்டி, ஒங்க அத்தான் இன்னைக்குக் கோயிலுக்கு வராம மண்ணுக்கு ஞானஸ்நானம் குடுக்கப் போயிருந்தாவளாக்கும்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனவளுக்கு இருமல் வந்துவிட்டது. அது நிற்கும்வரை நாங்கள் இருவரும் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அத்தான் என்று நான் சொல்வது என் ஒரே அக்காவின் கணவரை. எழுபதுகளின் தொடக்கம் அது. சனத்நகரைத் தாண்டி ஹைதராபாத்தின் மேற்கு ஓரத்தில் இருந்த ஓர் அரசாங்க வார்ப்படத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. இரும்பு வார்க்கும் அச்சுகளுக்கான மணலைப் பரிசோதிக்கும் பிரிவில் போர்மேன். நானும் அக்காவும் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். தெருவில் தெலுங்கும் உருதுவுமாகப் பேசிக்கொண்டு திரிந்தாலும், வீட்டு நிலைப்படியைத் தாண்டினால் நாக்கு தானாகத் திருநெல்வேலிக்குத் திரும்பிவிடும். விவசாய ஆராய்ச்சி அலுவலகம் ஒன்றில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தபோது, அக்கா வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடலாம் என்று அவர்களோடு வந்து தங்கினேன். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதற்காக என்னைக் குழந்தையாக நடத்திவிடவும் இல்லை. வந்த வாரமே ரேஷன் கடை வரிசையும் கெரசின் டின்னும் என் தலையில் விழுந்தன.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. பெண் பார்க்க வந்த அன்றே அப்பா அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அத்தான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எனக்கும் மூக்கு கோணல்தான் மாமா, அவளும் ஒண்ணும் சொல்லலியே" என்றாராம். அந்த ஒரு வார்த்தைக்காகவே அக்கா அவரைக் கட்டிக்கொண்டாள் என்று எங்கள் வீட்டில் சொல்வோம். ஆனால் அவர்களுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ் கடைசி வரிசையில் இருந்தது. அதற்குப் பின்னால் கம்பி வேலி, வேலிக்குப் பின்னால் வெட்டவெளி, அந்த வெட்டவெளி முழுக்க வார்ப்பில் எரிந்து கறுத்து வீணாகிப்போன மணல் குவியல்கள். எங்கள் கொல்லையே அந்தக் கழிவு மணலைக் கொட்டி மேடாக்கிய இடம்தான். கோடையில் மேற்கிலிருந்து காற்று கிளம்பினால் கொடியில் காயும் வெள்ளை வேட்டி சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். அக்கா ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு சமைப்பாள்.

ஒரு கோடையில் இழுப்பு மிகவும் முற்றிப்போய் டாக்டரிடம் போனபோது, வீட்டை மாற்றுங்கள், இல்லாவிட்டால் தூசியை நிறுத்துங்கள், இப்படியே விட்டால் இந்த நுரையீரல் தாங்காது என்று சொல்லிவிட்டார். வீட்டை மாற்ற அத்தான் எழுதிக் கொடுத்தார். குவார்ட்டர்ஸ் எல்லாம் சீனியாரிட்டிப்படிதான். கிழக்கு வரிசை வீடுகளுக்கு அவருக்கு முன்னால் எத்தனையோ பேர் காத்திருந்தார்கள். உடம்பு சரியில்லாத மனைவி எல்லார் வீட்டிலும் இருக்கிறாள் என்று எஸ்டேட் ஆபீஸில் சிரித்துக்கொண்டே சொன்னார்களாம். வேலையை விட்டுவிட்டு வெளியே போக முடியாது. ஆகவே தூசியை நிறுத்துவது என்று அத்தான் முடிவு செய்தார். கொல்லை வேலியோரமாக நெருக்கிச் சவுக்கு வைத்துச் சுவர் மாதிரி எழுப்பிவிட வேண்டும். சவுக்கு மாதிரி வேகமாக வளர்கிற மரம் இல்லை என்பது அவருக்கு ஊரில் பார்த்த அனுபவம். "ரெண்டு மழக்காலம் போதும், கூரையத் தொட்டுரும். அதுவரைக்கும் ஒங்க அக்காவ எப்படியாவது பாத்துக்கிட்டாச் சரி" என்றார் என்னிடம். அக்கா உயிரோடிருப்பாள் என்பதற்கு அவர் பிடித்துக்கொண்ட ஒரே கொம்பு அந்த மரம்தான். எனக்கும் அப்படித்தான்.

முதல் தடவை விதை நன்றாகத்தான் முளைத்தது. ஏரிக்கரையிலிருந்து கொண்டுவந்த வண்டலில் போட்டிருந்தார். பச்சை மயிர் மாதிரி எழும்பிய நாற்றுகள் ஒரு வாரத்துக்குள் கழுத்து அழுகிச் சாய்ந்தன. மிஞ்சியதைக் கறையான் தின்றது. வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் விதைத்திருப்பார்கள். அத்தான் அப்படிப்பட்டவர் இல்லை. வார்த்தெடுத்த இரும்பில் ஒரு கீறல் விழுந்தால் மணலில் ஈரம் அதிகமா, களிமண் குறைவா, காற்றுப் போக வழி இல்லையா என்று காரணத்தைப் பிடிக்காமல் சாப்பாட்டுக்கு உட்காரமாட்டார். இதற்கும் பிடித்தார். மண்ணில் உயிருள்ள ஏதோ ஒன்று இருக்கிறது, அதுதான் நாற்றைத் தின்கிறது. அவருடைய தொழிலில் மணலில் எது ஒட்டியிருந்தாலும் சலிப்பார்கள், சூடு பண்ணுவார்கள், சுத்தமாக்குவார்கள். அச்சு உலர்த்தும் ஓவனில் வேலை முடிந்த பிறகும் சூடு இருக்கும். அந்தச் சூட்டில் மண்ணை வைத்தெடுத்தார்.

அதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமைத் தட்டு. அதில் போட்ட விதை ஒன்றுகூட அழுகவில்லை. வரிசை வரிசையாக எழும்பி நின்றது. முதல் சில வாரம் பார்ப்பதற்கே கண்ணுக்குக் குளிர்ச்சி. அக்கா நாற்காலியைக் கொல்லை வாசலில் போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே கீரை ஆய்வாள். அத்தான் வேலை முடிந்து வந்ததும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நேரே அங்கேதான் போவார். தான் கண்டுபிடித்த காரணம் சரி என்று ஆனபிறகு அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. வேலியோரம் குழி வெட்டி அந்தக் குழிகளுக்கும் சுட்ட மண்ணையே நிரப்பினார். அத்தனை மண்ணையும் சைக்கிளில்தான் கொண்டுவந்தார். ஓவன்காரர்கள் அவரைக் கேலி செய்தார்கள், ஆனால் தட்டு வைக்க இடமும் கொடுத்தார்கள். எல்லாருக்கும் அக்காவைத் தெரியும்.

நட்ட பிறகு கன்றுகள் நின்ற இடத்திலேயே நின்றன. முழங்கால் உயரம்கூட இல்லை. பச்சை வெளிறி மஞ்சளாயிற்று. தோட்டப் பிரிவிலிருந்து கேட்டு வாங்கிய யூரியாவைப் போட்டால் கொஞ்ச நாள் பச்சை காட்டிவிட்டுப் பழையபடி ஆகிவிடும். அத்தான் அடுத்த காரணத்தைத் தேடினார். கழிவு மணலிலும் மழைக்குப் புல் பூண்டு முளைக்கிறதே, அது தண்ணீரையும் உரத்தையும் குடித்துவிடுகிறது என்று முடிவு செய்தார். அதிலிருந்து களை பிடுங்குவது அவருக்கு இன்னொரு ஷிப்ட் ஆகிவிட்டது. குத்தவைத்து உட்கார்ந்து சின்னக் கொத்துக்கம்பியால் ஒவ்வொரு புல்லையும் வேரோடு எடுப்பார். கன்றைச் சுற்றி வட்டம் போட்டு, செங்கல் பதித்து, செங்கலுக்குச் சுண்ணாம்பும் அடித்தார். தொழிற்சாலையில் ஒவ்வொரு வருஷமும் எந்தப் பிரிவு சுத்தமாக இருக்கிறது என்று போட்டி வைத்துக் கோப்பை கொடுப்பார்கள்; எங்கள் கொல்லையைப் போட்டிக்கு அனுப்பியிருந்தால் கோப்பை எங்களுக்குத்தான். ஆபீஸர்கள் வந்து போகும் சாலையில்கூட அப்படி ஒரு சுத்தம் கிடையாது. அதன் நடுவில் கன்றுகள் நோயாளிகளைப் போல வரிசையாக நின்றன.

அடுத்த வீட்டில் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவரின் குடும்பம். அந்த வீட்டம்மா தெலுங்குக்காரி. என்னோடு தெலுங்கில் பேசுவாள், அத்தானோடு பேச அவளுக்குத் தெரிந்த உருது, அவருக்குத் தெரிந்த உருது இரண்டையும் சேர்த்தால் ஒரு மாதிரி வேலை நடக்கும். அவளுடைய கொல்லை ஒரு காடு. துவரை, புளிச்ச கீரை, அவரைக் கொடி, கேட்பாரில்லாத புல், அதற்குள் கோழிகள். அத்தான் களை பிடுங்குவதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "கைக்கு நிகால்தே அய்யா? ரஹனே தேவ்" என்பாள், ஏன் பிடுங்குகிறீர்கள், இருந்துவிட்டுப் போகட்டுமே என்று. "நக்கோ அம்மா, பானி பூரா பீ ஜாதா" என்று அத்தான் புல்லைக் காட்டித் தண்ணீர் குடிப்பது மாதிரி கை சைகை செய்வார். அவள் சிரித்துக்கொண்டு போய்விடுவாள். அவளுக்கும் இதில் ஒன்றும் தெரியாது. புல் மேல் ஒரு இரக்கம், அவ்வளவுதான்.

அத்தான் தேறாது என்று பிடுங்கி எறிந்த சவுக்குக் கன்றுகளில் சிலவற்றை அவள் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். கோழி வெளியே ஓடாமல் இருக்க மறைப்புக் கட்டக் குச்சிக்கு ஆகும் என்று துவரை வரிசையை ஒட்டி நட்டு வைத்தாள். அந்த மழைக்கு அவை எழும்பின. அடுத்த மழைக்குள் அவள் தலைக்கு மேல் போய்விட்டன. ஒரே விதை, ஒரே தட்டில் முளைத்தவை, ஒரு கம்பி வேலிதான் நடுவில். ஒரு பக்கம் அரசாங்கத் தோட்டம் மாதிரி பராமரித்த மஞ்சள் குச்சிகள், மறுபக்கம் காட்டுக்குள் கருகருவென்று மரம். பார்க்கவே அவமானமாக இருந்தது. அந்த வீட்டம்மா மீன் கழுவின தண்ணீரை ஊற்றுகிறாள் என்றார் அத்தான். நாங்களும் மீன் வாங்கிக் கழுவி ஊற்றினோம், பூனைதான் வந்தது. பிறகு அது ஜாதி மாறின விதை என்றார். அக்கா, "ஆமா, வேலியத் தாண்டினதும் அதுவும் ஜாதி மாறிட்டு" என்று சொன்னாள். அன்றைக்கு அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து அவளே பிறகு அந்தக் கேலியை விட்டுவிட்டாள்.

அதற்குள் அக்கா மிகவும் மெலிந்துவிட்டாள். கொல்லை வாசல் நாற்காலி வரைக்கும் நடந்து வந்தாலே உட்கார்ந்து மூச்சு வாங்கவேண்டியிருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. நான் பிறவியிலேயே பொறுமை இல்லாதவள். ஒருநாள் காலையில் மஞ்சள் கன்று ஒன்றை மண்ணோடு பெயர்த்து டால்டா டின்னில் வைத்துக்கொண்டு ஆபீஸ் பஸ் ஏறினேன். பஸ்ஸில் எல்லாரும் டின்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். என்னுடைய ஆபீஸர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மண்ணில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர். அவர் சொல்லச் சொல்ல நான் பக்கம் பக்கமாக டைப் அடித்திருக்கிறேன், ஒரு வார்த்தைகூட மண்டையில் ஏறியதில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன்.

அவர் கன்றை மெதுவாக உருவி, வேரைத் தண்ணீரில் அலசி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "யாரும்மா இந்த மண்ணத் தயார் பண்ணினது? வேர் குளிப்பாட்டி விட்ட மாதிரி இருக்கே" என்றார். அத்தான் சுட்ட கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. சவுக்கு வேரில் சின்னச் சின்ன முடிச்சு இருக்கவேண்டும், அந்த முடிச்சுக்குள் இருக்கிற உயிர்தான் காற்றிலிருந்து மரத்துக்குச் சத்து எடுத்துக் கொடுக்கும், அது பழைய சவுக்கு மரத்தடி மண்ணில்தான் இருக்கும் என்றார். கண்ணுக்குத் தெரியாத பூசண இழைகள் வேறு உண்டு, அவை வேருக்கு எட்டாத தூரத்திலிருந்து தண்ணீரும் உரமும் இழுத்துத் தரும். "சுட்டதுல கெட்டதும் செத்துது, நல்லதும் செத்துது. அதான் அழுகல, வளரவும் இல்ல." களை பிடுங்குவதைச் சொன்னேன். "பக்கத்துல புல்லு நின்னா பங்குக்கு வரும்னுதான் எல்லாரும் நெனைப்பா. வளமான எடத்துல அது சரி. இது எரிஞ்ச மணல். அந்த இழையெல்லாம் தங்கறதுக்கு எடமே அந்தப் புல்லோட வேர்தான். அதையும் பிடுங்கிட்டா குழந்தை யார்ட்ட போய்ப் பால் குடிக்கும்?" என்றார். அடுத்த வீட்டில் அதே கன்றுகள் மரமாகி நிற்பதையும் சொன்னேன். துவரை பக்கத்தில் இருந்ததும் நல்லதாகப் போயிற்று என்றார். அடுத்த வீட்டம்மா சவுக்குச் சருகு ஏதாவது கொண்டுவருவாளா என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. தொழிற்சாலையின் கெஸ்ட் ஹவுஸ் காம்பவுண்டில் பழைய சவுக்கு மரங்கள் உண்டு. அடுப்புப் பற்றவைக்க அவள் அங்கே சருகைக் கூட்டிச் சாக்கில் அள்ளி வருவாள். சாக்கின் அடியில் தங்கிய மண்ணைக் கொல்லையில் உதறுவாள்.

எனக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது. காரணம் கிடைத்துவிட்டது. அன்றைக்கு அரை நாள் லீவு போட்டு, கெஸ்ட் ஹவுஸ் தோட்டக்காரரிடம் கெஞ்சி, சவுக்கு மரத்தடி மண்ணை ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அத்தானுக்குப் பகல் ஷிப்ட், சாயங்காலம்தான் வருவார். அக்கா கட்டிலில் தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். முடித்ததும், "அப்பம் அத்தான் மண்ணச் சுட்டதுதான் காரணமா?" என்றாள்.

"ஆமாக்கா. புல்லப் பிடுங்கினதும். ரெண்டும்தான்."

"அவியள்ட்ட இதச் சொல்லாத."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. சாக்கைக் காட்டினேன். இன்றைக்கே கலந்து வைத்தால் வருகிற மழைக்கு எழும்பிவிடும் என்றேன். அக்கா என்னைக் கட்டிலில் உட்காரச் சொன்னாள். போன மாதம் நெஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போனார்களே, அங்கே அத்தான் மருந்து வாங்க வரிசையில் நின்ற நேரத்தில் பெரிய டாக்டர் அவளிடம் தனியாகப் பேசியிருக்கிறார். இனிமேல் தூசி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். நுரையீரல் தழும்பேறிக் கல்லாகிவிட்டது. அடுத்த மழையைப் பார்ப்பது கஷ்டம். இதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பால்காரன் நாளைக்கு வரமாட்டான் என்று சொல்வது போலச் சொன்னாள். அத்தானிடம் அவள் அதைச் சொல்லவில்லை.

"நான் போயிருவேன், ஏட்டி. அது இனிமே மாறாது. அவிய இருக்கணும்லா? தன் கையாலதான் மண்ணக் கொன்னோம், அதனாலதான் மரம் வரல, மரம் வராததுனாலதான் இவ செத்தான்னு அவிய கணக்குக் கூட்டிருவாவ. அதுக்கப்புறம் மனுஷன் சோறு திங்க மாட்டாவ."

"டாக்டர் சொன்னதச் சொல்லிரலாம்லா. மரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு."

"இப்பம் சம்பந்தமில்ல. ரெண்டு வருஷம் முந்தி?" என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். கடைசியில் அவள்மேலேயே திருப்பினேன். சரி, சொல்லவேண்டாம், அவர் இல்லாத நேரத்தில் நானே குழிகளில் இந்த மண்ணைப் போட்டுவிடுகிறேன், மரமாவது பிழைக்கட்டும், அவருக்கு அந்தச் சந்தோஷமாவது கிடைக்கட்டும் என்றேன். அக்கா தலையை ஆட்டினாள். "மரம் வளந்தா, இது ஏன் முன்னாலயே வளரலன்னு தேடுவாவ. காரணம் கிட்டாம விடுத ஆளா அவிய? ஒன்னயும் கேப்பாவ, ஒங்க ஆபீஸரயும் கேப்பாவ. வளராமலே போட்டும்" என்றாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "அந்தச் சாக்க அடுத்த வீட்டுல குடுத்துரு" என்றாள்.

கொடுத்தேன். வேலிக்கு மேலே தூக்கிக் கொடுத்தபோது எதற்கு என்று அந்த வீட்டம்மா கேட்டாள். கோழி கிளறட்டும் என்றேன்.

சாயங்காலம் அத்தான் வந்தார். எப்போதும் போல நேரே கொல்லைக்குப் போனார். டால்டா டின்னுக்குப் பெயர்த்த இடத்தில் குழி இருப்பதைப் பார்த்து, எலி வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, இன்னொரு தட்டுச் சுட்ட மண்ணை அதில் போட்டு நிரவி, சுற்றிலும் முளைத்திருந்த அருகம்புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கொல்லை வாசலில் அக்கா நாற்காலியில் இருந்தாள். "கொஞ்சம் தழைஞ்ச மாதிரி தெரியுதா?" என்று அவர் கேட்டார். "ஆமா, இந்த ஓரத்துல ரெண்டு மூணு நல்லாத் தழைஞ்சிருக்கு" என்று அவள் சொன்னாள். நான் அடுக்களைக்குள் போய்ப் பாத்திரத்தைச் சத்தமாகத் துலக்கினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் சாயங்காலமும் அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும் நடந்தன. அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்த ஒரே நம்பிக்கையை அவள் அப்படிப் பொய் சொல்லிச் சொல்லி நடத்தினாள். அவளால் பேச முடியாமல் போன பிறகும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவள் கண்ணை மூடித் திறப்பாள்.

பருவமழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு மத்தியானம் அக்கா போய்விட்டாள். அத்தான் அடக்கம் முடிந்து வந்த மறுநாள் கொல்லைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. களை முளைத்தது. மழை பிடித்ததும் செங்கல் வட்டங்கள் தெரியாத அளவுக்குப் புல் மண்டியது. அதற்குள் ஒன்றிரண்டு சவுக்குக் கன்றுகள் பச்சை பிடிப்பதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அடுத்த வீட்டு மரங்களின் சருகு காற்றில் வந்து விழுந்திருக்கவேண்டும், அதோடு மண்ணும் வந்திருக்கவேண்டும். அவர் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்து, ஒரு காலை அவர் வேலைக்குப் போன பிறகு அந்தக் கன்றுகளை நானே பிடுங்கினேன். வேரில் முடிச்சு இருந்தது. கடுகு மாதிரி, பழுப்பாக. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு அடுப்பில் போட்டேன்.

எனக்குக் கல்யாணமாகி மல்காஜ்கிரிக்கு வந்தேன். அத்தான் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிழக்கு வரிசையில் வீடு அவருக்கு ஒதுக்கப்பட்டது, அக்கா போய் வெகுகாலம் கழித்து. தனி ஆளுக்கு எதற்கு என்று அவரே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையிலேயே இருந்தார். ரிட்டையர் ஆன பிறகு எங்கள் வீட்டின் கீழ்ப் பகுதியில் குடிவைத்தோம். என் வீட்டுக்காரரும் போய்விட்டார். இப்போது வீட்டில் இரண்டு கிழடுகள்தான். அவருக்குக் காது மந்தம், எனக்கு முழங்கால். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள் என்றும், அங்கே அடுக்குமாடி கட்டுகிறார்கள் என்றும் யாரோ சொன்னார்கள். நாங்கள் போய்ப் பார்க்கவில்லை.

போன மழைக்காலத்தில் ஒருநாள் சாயங்காலம் டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். டிவியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மரம் நடுவதைக் காட்டினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கன்றைக் குழியில் வைத்துவிட்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தது. அத்தான் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நம்ம மண்ணுல சூடு பத்தல, பிள்ள. இன்னும் கொஞ்சம் நேரம் ஓவன்ல வச்சிருக்கணும். என்னமோ ஒண்ணு சாகாம உள்ள இருந்திருக்கு" என்றார். இதை அவர் இத்தனை வருஷத்தில் பல தடவை சொல்லியிருக்கிறார். நான் எப்போதும் சொல்வது போல "ஆமா அத்தான்" என்றேன். அத்தோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்காத. ஒங்க ஆபீஸ்ல மண்ணப் பத்திப் படிச்ச பெரிய ஆளெல்லாம் இருந்தாவள்லா. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே நீ?"

அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் ஒன்றும் இல்லை. இவ்வளவு காலமும் என்னைக் கேட்கவேண்டாம் என்று அடக்கி வைத்திருந்து, வயதாகிவிட்டதால் இனிமேல் கேட்டுவிடலாம் என்று கேட்ட மாதிரி இருந்தது.

"தோணல, அத்தான்" என்றேன்.

அவர் என் கைமேல் லேசாகத் தட்டி, "போட்டும், விடு. அப்பம் நீயும் சின்னப் பிள்ளதான. ஒனக்கு என்ன தெரியும்" என்றார். என்னை மன்னித்துவிட்ட நிம்மதியோடு மீதி டீயைக் குடித்து முடித்தார்.